பெட்டி தாங்கியது, சப்ஃபிரேம் தாங்கவில்லை: ஆஃப்ரோடு லக்கேஜ் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு மோட்டார் சைக்கிளின் வலது பக்க அலுமினியப் பெட்டியில் ஒரு பெரிய நசுங்கல், சில ஆழமான கீறல்கள். மூடி ஒழுங்காக மூடியது, பூட்டு வேலை செய்தது, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனால் அந்தப் பெட்டியைச் சுமந்த ரேக்கின் கீழ்ப் பிடிமானம் முறிந்திருந்தது. சீட்டுக்கு அடியில் ஓடி, சீட்டையும் பின்பக்கச் சுமையையும் தாங்கும் சட்டமான சப்ஃபிரேமின் குழாயில் விரிசல். வண்டி தன் சக்கரத்தில் திரும்பி வர முடியாமல், வேறொரு வாகனத்தில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டது.

இறக்கி வைத்ததும் சொந்தக்காரர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "பெட்டிக்கு ஒண்ணுமே ஆகலையே, அப்புறம் ஃபிரேம் எப்படி உடைஞ்சது?" பெட்டிக்கு ஒன்றும் ஆகாததும் ஃபிரேம் உடைந்ததற்கு ஒரு காரணம். லக்கேஜ் வாங்கும்போது பை கிழியுமா, பெட்டி உடையுமா என்று பார்க்கிறோம். அடி விழுந்தால் அந்த விசை எந்த வழியாகப் போய் எங்கே முடியும் என்று பார்ப்பவர்கள் குறைவு. அதைப் பார்க்க ஆரம்பித்தால் வாங்கும் பொருளே மாறிவிடும். இந்த வண்டியில் அந்த வழி முழுவதும் தடயமாகப் பதிந்திருந்தது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

வண்டியும் சுமையும்

நடுத்தர எடையுள்ள இரட்டை சிலிண்டர் அட்வென்ச்சர் பைக். எஃகுக் குழாய் ஃபிரேம். சப்ஃபிரேம் போல்ட் போட்டு மாட்டியதல்ல, பிரதான ஃபிரேமோடு சேர்த்தே வெல்டு செய்தது. 2019-இல் விற்பனைக்கு வந்த யமஹா டெனேரே 700 உட்படப் பல வண்டிகளில் இந்த அமைப்பு உண்டு. எடை குறையும், செலவு குறையும். ஆனால் வளைந்தாலோ விரிசல் விட்டாலோ அந்தத் துண்டை மட்டும் கழற்றி மாற்ற முடியாது. லக்கேஜ் தேடுவதற்கு முன்பே தன் வண்டியின் சப்ஃபிரேம் எந்த வகை என்று ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டும். கே.டி.எம் 690 எண்டியூரோவில் பின்பக்கத்து பிளாஸ்டிக் பெட்ரோல் டேங்கே சப்ஃபிரேம் வேலையைச் செய்கிறது. அங்கே பின்னால் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் டேங்கைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளுக்குப் போகிறது.

நம் வண்டியின் இரண்டு பக்கமும் 18 மி.மீ எஃகுக் குழாய் ரேக். இடது ரேக்கையும் வலது ரேக்கையும் பின்னால் இணைக்கும் குறுக்குக் கம்பி அந்த செட்டிலேயே இல்லை. பெட்டிகள் 1.5 மி.மீ அலுமினியத் தகடு, காலியாகவே ஒவ்வொன்றும் ஐந்தரை கிலோ. ரேக் 6 கிலோ. ஆக, ஒரு சட்டைகூட வைப்பதற்கு முன்பே 17 கிலோ. வலது பெட்டியில் கருவிகள், உதிரி டியூப், அடுப்பு என்று 11 கிலோ. இடதில் 9. சீட்டுக்குப் பின்னால் குறுக்காகக் கட்டிய உருளைப் பையில் 8. மொத்தம் 45 கிலோ. ஓட்டுபவர் கவச உடைகளோடு 84 கிலோ. வண்டிக்கு அனுமதித்த மொத்தச் சுமையைவிட இது நன்றாகவே குறைவு.

வரம்புக்குள்தானே இருக்கிறோம் என்ற நிம்மதி இங்கேதான் காலை வாருகிறது. வரம்பு என்பது ஒரு மொத்தத் தொகை. எங்கே ஏற்றினோம் என்பதைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. ஆளின் எடை இரண்டு சக்கரங்களுக்கு நடுவே இறங்குகிறது. எழுந்து நின்று ஓட்டினால் கால் வைக்கும் ஃபுட்பெக் வழியாக நேரே பிரதான ஃபிரேமுக்குப் போகிறது, முழங்கால்கள் மடங்கி அதிர்ச்சியில் பாதியை வாங்கிக்கொள்கின்றன. பெட்டிக்கு முழங்கால் கிடையாது. அது சப்ஃபிரேமிலிருந்து ஒரு சாண் வெளியே தள்ளி, பின் அச்சுக்கு மேலும் பின்னுமாகத் தொங்கிக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்திலும் குழாயை வளைக்கிறது, கூடவே முறுக்குகிறது.

பாதை இரண்டு விதமாக இருந்தது. முதல் நாள் பெரும்பகுதி வரிவரியாக அலை விழுந்த சரளைச் சாலை. அதன் பிறகு வறண்ட ஆற்றுப் படுகை, தலையளவு கற்கள். அங்கே நடை வேகத்தில் வலது பக்கம் ஒரு விழுகை. வண்டியை நிமிர்த்தி, சுற்றிப் பார்த்து, எல்லாம் சரி என்று கிளம்பியிருக்கிறார். மறுநாள் காலை பின்னால் கடகடவென்று சத்தம். நிறுத்திப் பார்த்தபோது பெட்டி கையால் ஆட்டினாலே ஆடியது.

முறிந்த இடத்தில் இருந்த தடயம்

எல்லோரும் விழுகையைத்தான் காரணமாகச் சொன்னார்கள். உடைந்த பிடிமானத்தைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது.

முறிவுப் பரப்பில் இரண்டு நிறம். வெல்டின் ஓரத்தில் தொடங்கி முக்கால் பங்கு மங்கலாக, வழவழப்பாக, உள்ளே புழுதி ஏறி இருந்தது. அதன்மேல் மரத்தண்டின் வளையங்கள் போல மெல்லிய வளைகோடுகள். மீதிக் கால் பங்கு மட்டும் சொரசொரப்பாக, பளிச்சென்று புதிதாக இருந்தது. உலோகச் சோர்வால் மெல்ல மெல்ல விரிந்த பகுதி முதலாவது. ஒரே அடியில் பிய்ந்தது இரண்டாவது. அதாவது, ஆற்றுப் படுகையில் விழுவதற்கு முன்பே முக்கால் பங்கு போய்விட்டது. விழுகை மிச்சத்தை முடித்து வைத்திருக்கிறது.

அதற்கும் முந்தைய தடயம் போல்ட்டில் கிடைத்தது. பிடிமானத்தை ஃபிரேமோடு இறுக்கிய எம்8 (8 மி.மீ) போல்ட்டின் வாஷரைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் மாவு போல ஒரு தூள். இறுக்கமாக இருக்க வேண்டிய இரண்டு எஃகுப் பரப்புகள் நுணுக்கமாக உரசிக்கொண்டால் வரும் துருத்தூள் அது. போல்ட்டின் தண்டு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மினுங்கியது. போல்ட் இறுக்கமாக இருக்கும்வரை உராய்வுதான் சுமையைத் தாங்கும், தண்டு இழுத்துப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும். இறுக்கம் தளர்ந்ததும் ஒவ்வொரு அதிர்விலும் பிடிமானம் நகர்ந்து போல்ட்டைப் பக்கவாட்டில் அடிக்கிறது, தானும் வளைகிறது.

ஆக வரிசை இது: போல்ட் தளர்ந்தது, பிடிமானம் ஆடியது, வெல்டு ஓரத்தில் விரிசல் தொடங்கியது, சரளைச் சாலை அதை வளர்த்தது, விழுகை முறித்தது. அதன் பிறகு 16 கிலோவுக்கு மேற்பட்ட பெட்டி மேல் பிடிமானங்களில் மட்டும் தொங்கி ஊஞ்சலாடியதில் சப்ஃபிரேம் குழாய் விரிசல் விட்டது. ரேக்குகளைப் பின்னால் இணைக்கும் குறுக்குக் கம்பி இருந்திருந்தால் ஒரு பக்கம் விட்டாலும் மறுபக்கம் கொஞ்சம் தாங்கியிருக்கும்.

சரளைச் சாலை எப்படி இவ்வளவு செய்தது? வரிகளுக்கு நடுவே சுமார் 65 செ.மீ இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கி.மீ வேகத்தில் நொடிக்கு 25 அடி விழுகிறது. ஒரு மணி நேரத்துக்கு 90,000. அடியின் முடுக்கம் 3 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல மூன்று மடங்கு என்றால், பதினாறரை கிலோ பெட்டி அந்தக் கணத்தில் சுமார் 50 கிலோவாக இழுக்கிறது. எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழே எத்தனை முறை வளைத்தாலும் தாங்கும். வெல்டின் ஓரத்தில் சூடு பட்டு, ஒரு சின்னப் பள்ளமும் விழுந்திருப்பதால் அந்த வரம்பு அங்கே வெகுவாக இறங்கிவிடுகிறது. அலுமினியத்துக்கு அப்படி ஒரு வரம்பே கிடையாது. அலுமினிய சப்ஃபிரேம் உள்ளவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விழுகைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பெட்டியின் வெளி மூலை கல்லில் படுகிறது, வண்டியின் எடை முழுவதும் அதன்மேல் சாய்கிறது. தகடு ஒரு செ.மீ நசுங்கி நிற்பதற்கும், துணியும் தூக்கப்பையும் அடைத்த மென்பை பத்து செ.மீ அமுங்கி நிற்பதற்கும் சராசரி விசையில் பத்து மடங்கு வித்தியாசம். பெட்டி எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அவ்வளவு விசை ரேக்குக்கும் ஃபிரேமுக்கும் போய்ச் சேர்கிறது.

ஃபிரேமை விடவும் எனக்குக் கவலை தருவது கால். கரடான ஏற்றத்தில் வேகம் செத்துப்போனால் யாரானாலும் காலை ஊன்றுவார்கள். பாதம் தரையில் ஊன்றி நிற்க, வண்டி முன்னே நகர, பெட்டியின் முன்விளிம்பு கெண்டைக்காலைப் பின்னாலிருந்து வந்து இடிக்கிறது. அப்படியே சாய்ந்தால் கால் பெட்டிக்கும் கல்லுக்கும் நடுவில். கீழ்க்கால் எலும்பு இரண்டும் முறிவது இப்படித்தான். இந்த வண்டிக்காரர் தப்பித்தார். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் தப்பிக்காமல் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்துத்தான் பழைய பெட்டிக்குத் திரும்புவதா என்ற பேச்சையே நாங்கள் விட்டோம்.

எதைத் தேர்ந்தோம், ஏன்

முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ரேக்கைச் சரிசெய்து குறுக்குக் கம்பி சேர்த்து அதே பெட்டிகளை மாட்டுவது. அதே ரேக்கில் மென்பைகளை மாட்டுவது. ரேக்கே இல்லாமல் சீட்டின் மேல் குதிரை லாட வடிவில் படியும் பைத்தொகுதி.

முதல் வழி தார்ச் சாலை அதிகம் ஓடுகிறவர்களுக்கு நல்ல வழிதான். பூட்டிவிட்டுப் போகலாம், சதுரமாக அடுக்கலாம், ஊறும் என்ற பயமில்லை, கேமரா போன்ற பொருளுக்குப் பாதுகாப்பு. அலுமினியப் பெட்டிக்குள் சாமான்கள் உரசி ஒரு கரும்பொடி வந்து துணியெல்லாம் அப்பிக்கொள்ளும், அதற்கு உள்ளே ஒரு பை போட்டால் போதும். ஆற்றுப் படுகைக்கு இந்த வழி ஆகாது.

இரண்டாவது வழியை நான் கொஞ்ச நேரம் ஆதரித்தேன். ரேக் பையைச் சக்கரத்திலிருந்தும் சைலன்சரிலிருந்தும் விலக்கி நிறுத்தும், ஒரே திருகில் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். 20 கிலோ வரை சாமான் வேண்டும், இருவர் பயணம் என்றால் இதையே சொல்வேன். ஆனால் 6 கிலோ ரேக்கும் அதன் பிடிமானங்களும் போல்ட்டுகளும் அப்படியே இருக்கின்றன. முதலில் தளர்ந்தது அந்த போல்ட்தான்.

மூன்றாவதைத் தேர்ந்தோம். தொகுதி முழுவதும் 5 கிலோவுக்குள். சுமை சீட்டின் மேல் பரவலாகப் படிகிறது, பக்கப் பைகள் பின் அச்சுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகின்றன. ஜயண்ட் லூப், மாஸ்கோ மோட்டோ, கிரீகா, எண்டியூரிஸ்டன் போன்ற மென்பை தயாரிப்பாளர்கள் இந்தத் துறையில் பெயர் பெற்றவர்கள். பெயரைவிட நாங்கள் அதிகம் பார்த்தது, எந்தப் பாகம் முதலில் பிய்யும், பிய்ந்தால் அதைச் சாலையோரத்தில் உட்கார்ந்து சரிசெய்ய முடியுமா என்பதை. பிய்ய வேண்டியது ஒரு பக்கிளாகவோ ஒரு ஸ்ட்ராப்பாகவோ இருக்கட்டும், சீட்டுக்கு அடியில் இருக்கும் குழாயாக இருக்க வேண்டாம்.

துணியைப் பற்றி

விளம்பரத்தில் முதலில் வரும் எண் டெனியர். 9,000 மீட்டர் நூல் ஒரு கிராம் எடை இருந்தால் அது ஒரு டெனியர். 1000 டெனியர் நூல் என்றால் அதே நீளம் ஒரு கிலோ. நூல் எவ்வளவு தடிமன் என்று மட்டுமே இந்த எண் காட்டும். நூல் நைலானா பாலியெஸ்டரா, நெசவு எவ்வளவு நெருக்கம், மேலே என்ன பூச்சு என்பதெல்லாம் தெரியாமல் 1680 என்ற எண் 1000-ஐவிட மேல் என்று முடிவு கட்டக் கூடாது.

பூச்சில்தான் உண்மையான வித்தியாசம் இருக்கிறது. பி.வி.சி பூசிய பாலியெஸ்டர் விலை குறைவு, சூட்டில் வெல்டு ஆகும், ஒட்டுப் போடுவது எளிது. குளிரில் விறைத்துப்போகும், வெயிலில் வருடங்கள் போகப் போக அதை மிருதுவாக வைத்திருக்கும் பொருள் வெளியேறி மடிப்புகளில் வெடிப்பு விடும். டி.பி.யு என்ற நெகிழும் பிளாஸ்டிக் பூச்சு குளிரிலும் வளையும், உராய்வை நன்றாகத் தாங்கும். ஹைபலான் ரப்பர் காற்றடைத்த படகுகளில் பேர் வாங்கியது. வெயிலும் சூடும் அதை அவ்வளவு எளிதில் ஒன்றும் செய்யாது. அதைத் தயாரித்த டூபாண்ட் 2010-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அதே வகை ரப்பரை வேறு சிலர் செய்கிறார்கள், பழைய பெயர் புழக்கத்தில் தங்கிவிட்டது. பை முழுவதும் ஹைபலானில் வேண்டியதில்லை, ஸ்ட்ராப் பிடிக்கும் இடங்களில் இருந்தால் போதும்.

ஒட்டுப் போடுவதற்கும் இந்த விவரம் வேண்டும். பி.வி.சி பசை டி.பி.யு-வில் நிற்காது, அதற்கு யூரித்தேன் பசை வேண்டும். எந்தப் பை வாங்கினாலும் அதற்கான பசையை அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

தைத்த பையில் ஒவ்வொரு ஊசித்துளையும் நீர் புகும் வழி. வெல்டு செய்த பையில் தண்ணீர் புகாது, ஆனால் வெல்டு பிரிந்தால் கையால் சரிசெய்வது கஷ்டம். ஒரே துணி அடியும் வாங்க வேண்டும், நீரையும் தடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே தவறு என்பது என் கருத்து. அடி வாங்க வெளியே தடித்த, தைத்த உறை. நீரைத் தடுக்க உள்ளே கழற்றி எடுக்கக்கூடிய, வெல்டு செய்த ட்ரை பேக் என்ற நீர்புகாப் பை. வெளியுறை கிழிந்தால் மெழுகு நூலும் தையலூசியும் போதும். ட்ரை பேக் ஓட்டையானால் அதை மட்டும் மாற்றலாம். நாங்கள் எடுத்தது இந்த வகை. வாய் மூடுவது ரோல்-டாப், அதாவது சுருட்டி மூடுவது, குறைந்தது மூன்று மடிப்பு. ஜிப் வைத்த பைகளைத் தொடவில்லை. நுண்புழுதி பல்லுக்குள் ஏறினால் எந்த ஜிப்பும் நீண்ட நாள் உழைக்காது.

பொருத்தும்போது

பை வந்ததும் சாமானைக் குறைத்தோம். 28 கிலோ 17 ஆனது. கருவிகளில் பாதி, எஞ்சினுக்கு முன்னால் கீழே ஒரு குழாய்க்குள் போயின. கனமானது தாழ்வாகவும் முன்னாலும் இருந்தால் வண்டி எவ்வளவு சொன்னபடி கேட்கிறது என்பது ஓட்டிப் பார்த்தால் உடனே தெரியும்.

அடுத்தது இடைவெளிச் சோதனை. வண்டி நிற்கும்போது பைக்கும் டயருக்கும் நடுவே எவ்வளவு இடம் இருந்தாலும் அதை நம்பக் கூடாது. பின் சக்கரத்தையும் சப்ஃபிரேமையும் சேர்த்து நெம்பி இறுக்கும் ராட்செட் ஸ்ட்ராப் போட்டு, சஸ்பென்ஷன் அடிமட்டம் வரை அமுங்கும்படி இழுத்தோம். அந்த நிலையில் இடது பையின் கீழ் மூலை டயரைத் தொட்டது. உள் தாங்கு ஸ்ட்ராப்பை மேலே இழுத்துக் கட்டி, இரண்டு விரல் இடைவெளி வந்த பிறகுதான் விட்டோம். ஸ்ட்ராப்களின் தொங்கும் நுனியையெல்லாம் சுருட்டி மடக்கினோம். ஒரு நுனி செயினிலோ சக்கரத்திலோ சிக்கினால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

வலது பக்கம் சைலன்சர். நைலான் வகையைப் பொறுத்து 220 முதல் 260 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் உருகும், ஆனால் அதற்கு வெகு முன்பே வலுவிழக்கும். பி.வி.சி 80 டிகிரியிலேயே இளகும். சைலன்சருக்கும் பைக்கும் நடுவே ஒரு தகட்டுக் கவசம், கவசத்துக்கும் சைலன்சருக்கும் நடுவே 2 செ.மீ காற்று. அந்தக் காற்று ஓடினால்தான் கவசத்துக்குப் பயன் உண்டு. ஒட்டி வைத்த தகடு சூட்டை அப்படியே பைக்குக் கொடுத்துவிடும். நின்று ஓட்டிப் பார்த்துக் கெண்டைக்கால் எங்கே படுகிறது என்றும் கவனித்தோம். பக்க பிளாஸ்டிக்கில் ஒட்டுப் படலம் போட்டோம். பைக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் புகும் புழுதி உப்புத்தாள் போல அரைக்கும்.

கடைசியாக, புல்தரையில் வண்டியை வேண்டுமென்றே இரண்டு பக்கமும் சாய்த்துப் படுக்க வைத்து எடுத்தோம்.

ஒரு சீசனுக்குப் பிறகு

சப்ஃபிரேமின் விரிசலை வெட்டி எடுத்து, உள்ளே ஒரு குழாய்த்துண்டு செருகி வெல்டு செய்த பிறகு, அதே மாதிரியான பாதைகளில் ஒரு சீசன் ஓடி வந்தது. வண்டியைக் கழுவி எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தேன்.

சப்ஃபிரேமில் புதிய விரிசல் இல்லை, வெல்டு ஓரங்களில் துருத்தூள் இல்லை. விழுகைகள் நடந்திருக்கின்றன. வலது பையின் வெளி மூலையில் உள்ளங்கை அளவுக்கு நூல் தேய்ந்து பூச்சு போயிருந்தது. ஒரு பக்கிள் உடைந்து, தையல் பிரிக்காமலே மாட்டக்கூடிய உதிரி பக்கிள் போடப்பட்டிருந்தது. கையிருப்பில் அந்த வகை இரண்டு வைத்திருக்கச் சொல்லியிருந்தேன்.

உள்ளே இருந்த ட்ரை பேக்கில் ஊசி முனையளவு ஓட்டைகள். வெளியே கல் குத்தியது எதுவும் இல்லை, எல்லாம் உள்ளிருந்து வந்தவை: அடுப்பின் கால், ஸ்பேனரின் முனை. கூர்மையான பொருளைத் துணியில் சுற்றிப் பையின் நடுவே வைக்க வேண்டும், ஓரத்தில் வைத்தால் அதிர்வு அதை ஆணியாக்கிவிடும்.

அவருடைய முக்கியமான குறை, முதல் மணி நேரத்திலேயே ஸ்ட்ராப்கள் தளர்கின்றன என்பது. சாமான் அமுங்குவது ஒரு காரணம். மற்றொன்று, நைலான் ஸ்ட்ராப் நனைந்தால் நீளும். முதல் நிறுத்தத்தில் மறுபடி இறுக்குவதை அவர் பழக்கமாக்கிக்கொண்டார். பூட்டும் வசதி இல்லாததும் ஒரு இழப்புதான். விலை உயர்ந்ததெல்லாம் இப்போது முதுகுப்பையில் போகிறது, வண்டியை விட்டுத் தொலைவாக நடப்பதை அவர் குறைத்துவிட்டார்.

அடுத்த பயணத்துக்கு முன் இரண்டு வேலைகள் பாக்கி. தேய்ந்த மூலைக்கு மேல் ஒரு ஹைபலான் ஒட்டு. நான்கு தாங்கு ஸ்ட்ராப்களையும் நனைந்தால் நீளாத பாலியெஸ்டருக்கு மாற்றுவது.